செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் ரயில் படம் கெடுவது எதனால்? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரயில் படம் மங்கலாக வந்தால் பலரும் முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அடுத்த மாதமே 70-300 மி.மீ. லென்ஸை விற்றுவிட்டு 100-400 வாங்குகிறார்கள், அதே மங்கல் அதிலும் வருகிறது. மங்கலில் பல வகை உண்டு. ஒவ்வொரு வகையும் படத்தில் தனித் தடயம் விட்டுப் போகும். அதைப் படிக்கத் தெரிந்தால், கையில் இருக்கும் சாதாரண லென்ஸே பெரும்பாலும் போதும்.

செங்கோட்டையில் கிளம்பி பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாகப் புனலூருக்கு இறங்கும் பாதை இதைப் பழக நல்ல இடம். 2018-இல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு பாலருவி, கொல்லம்–சென்னை எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் வண்டிகள் எல்லாம் இந்த வழியில் ஓடுகின்றன. கிழக்கே வெட்டவெளி வெயில், நடுவில் குகை, மேற்கே காட்டு நிழலும் மழையும். கேமராவுக்கு வரக்கூடிய சிக்கல் அநேகமாக எல்லாமே இந்த ஒரே பாதையில் வந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: எஞ்சின் முகத்தில் எழுதியிருக்கும் எண், பக்கத்தில் நிற்கும் மின்கம்பம், சக்கரத்துக்குக் கீழே உள்ள ஜல்லி. கம்பம் தெளிவாக இருந்து எண் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் வண்டியின் வேகம் காரணம். இரண்டும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எண் எந்தத் திசையும் இல்லாமல் குழைந்திருக்க, முன்னாலோ பின்னாலோ உள்ள ஜல்லி கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. தண்டவாளத்தின் நேர்க்கோடே நெளிந்திருந்தால் வெப்ப அலை. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் கண்ணாடியில் ஏதோ இருக்கிறது, அல்லது வெளிச்சம் நேராக உள்ளே அடித்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும்.

கம்பம் தெளிவு, எஞ்சின் இழுபட்டிருக்கிறது

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 16.7 மீட்டர் கடக்கும். ஷட்டர் 1/500 வினாடி என்றால் அது திறந்திருக்கும் நேரத்திலேயே வண்டி 33 மி.மீ. நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று, படத்தின் அகலத்துக்குள் 20 மீட்டர் வண்டி அடங்கும்படி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 6000 புள்ளி, ஆக ஒரு புள்ளிக்கு 3.3 மி.மீ. அந்த 33 மி.மீ. நகர்வு 10 புள்ளி நீளத்துக்குத் தேய்ந்து பதியும். அதை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. 1/2000 வைத்தால் தேய்வு இரண்டரைப் புள்ளியாகச் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது.

மலையேறும்போது வண்டி 30 கி.மீ. வேகத்தில் வந்தால் 1/1000-லேயே அதே தெளிவு கிடைக்கும். ஆனால் எஞ்சினின் முகப்பை மட்டும் நெருக்கி, 5 மீட்டர் அகலத்துக்குள் எடுத்தால் தேய்வு நான்கு மடங்காகும். அப்போது மெதுவாக வரும் வண்டிக்கும் 1/2000-க்கு மேல் வேண்டும். நெருக்கிப் பிடித்த படங்கள்தான் அதிகம் கெடுகின்றன, காரணம் இதுதான்.

நிற்கும் கோணமும் முக்கியம். தண்டவாளத்தின் போக்குக்கு 30 டிகிரி கோணத்தில் பார்த்தால் பக்கவாட்டு நகர்வு பாதியாகக் குறையும். எஞ்சினின் முகமும் பெட்டி வரிசையும் சேர்ந்து தெரியும் அந்தக் கோணத்தில் 1/1000 தாராளமாகப் போதும். வண்டி கிட்டே வரவரக் கோணம் விரிந்துகொண்டே போகும். அதனால் படத்தின் ஓரத்தில், உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பெட்டி மட்டும் மங்கலாக விழும். கடைசி இரண்டு மூன்று படங்களை நம்பாமல், அதற்கு முந்தையவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸில் உள்ள ஆட்டத் தடுப்பு இதற்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. ஜூன், ஜூலையில் தென்மலைக் காட்டு நிழலில் எஃப் 5.6 அபர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு) 1/1000 கேட்டால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600 முதல் 3200 வரை ஏறும். ஏறட்டும். மணல்போல் வரும் இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், தேய்ந்த எண்ணை மீட்க முடியாது. ஐஎஸ்ஓ-வுக்குப் பயந்து 1/320-இல் எடுப்பதுதான் மழைக்காலப் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம்.

எஞ்சின் குழைவு, பின்னால் உள்ள சிக்னல் கூர்மை

வண்டி நேரே நம்மை நோக்கி வரும்போது வரும் பிழை. 300 மி.மீ., எஃப் 5.6, 40 மீட்டர் தூரம், கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சின்னது) என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 4 மீட்டர் அளவுதான். ஒற்றை ஃபோகஸில் பாதி அழுத்திப் பிடித்து, அரை வினாடி கழித்து முழுதாக அழுத்துகிறீர்கள். 30 கி.மீ. வேக வண்டி அதற்குள் 4 மீட்டர் முன்னால் வந்துவிடும். கேமரா பிடித்த இடத்தில் எஞ்சின் முகம் இப்போது இல்லை.

தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ செர்வோ அல்லது சில மாடல்களில் வெறும் செர்வோ. ஃபோகஸ் புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முகப்பு விளக்கின் மேல் வைத்தால் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது வெளுத்துப்போன ஒளி வட்டம், பிடிக்க அதில் விளிம்பு எதுவும் இல்லை. எண் எழுதிய பட்டை, முன் கண்ணாடியின் சட்டம், கீழே பெட்டியை இணைக்கும் கப்ளர் இருக்கும் இடம் ஆகியவற்றில் வெளிச்சமும் இருட்டும் கூராகச் சந்திக்கும். அங்கே வையுங்கள். ஒரே புள்ளியைவிடச் சின்னக் குழுவாக நான்கைந்து புள்ளி நல்லது. மொத்தத் திரையையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால், முன்னால் ஆடும் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.

குகை வாயிலில் தொடர் ஃபோகஸும் கைவிடும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள நீண்ட குகையிலிருந்து வண்டி வெளியே வரும்போது விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. அங்கே பழைய முறைதான் சரி: வண்டி வரும் முன்பே தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் ஒரு ஸ்லீப்பர் கட்டையைத் தேர்ந்தெடுத்து, அதில் கையால் ஃபோகஸ் வைத்து, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட வேண்டும். கான்கிரீட் ஸ்லீப்பர்கள் ஏறத்தாழ 60 செ.மீ. இடைவெளியில் கிடக்கின்றன. பத்து கட்டை என்றால் 6 மீட்டர், அளவு நாடா தேவையில்லை. வினாடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில், 30 கி.மீ. வேக வண்டி படத்துக்குப் படம் 1.7 மீட்டர், அதாவது சுமார் மூன்று கட்டை தாண்டும். எஞ்சின் முகம் குறித்த கட்டைக்கு ஏழெட்டுக் கட்டை முன்னால் வரும்போது அழுத்தத் தொடங்குங்கள். ஒரு படமாவது சரியான இடத்தில் விழும்.

இதையெல்லாம் வேலிக்கு வெளியே, சாலையிலோ லெவல் கிராசிங்கிலோ நின்றே செய்யலாம். தண்டவாளத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம், வளைவும் காடும் உள்ள இடத்தில் இறங்கி வரும் வண்டியின் சத்தம் கடைசி நிமிடம் வரை காதில் விழாமல் போகலாம் என்பதுதான்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் ஃபோகஸ் தள்ளி விழுகிறதா? அப்போதுதான் லென்ஸைச் சந்தேகிக்கலாம். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 45 டிகிரி சாய்த்த செய்தித்தாளில் ஒரு வரியைக் குறிவைத்து, முழு அபர்ச்சரில் ஒரு படம் வ்யூஃபைண்டர் வழியாகவும் ஒரு படம் லைவ் வ்யூவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். டிஎஸ்எல்ஆர்-இல் வித்தியாசம் தெரிந்தால் மெனுவில் ஏஎஃப் நுண்சரிசெய்தல் இருக்கிறதா பாருங்கள். மிரர்லெஸ்ஸில் இந்தப் பிழை மிக அரிது.

எல்லாமே மங்கல், நேர்க்கோடு நெளிகிறது

தென்காசியிலிருந்து செங்கோட்டை வரையிலான சமவெளியில் காலை பத்து மணிக்கு மேல் தூரத்து வண்டியை 300 மி.மீ.யில் எடுத்தால் இதுதான் நடக்கும். வெயிலில் காய்ந்த ஜல்லியும் இரும்பும் மேலே உள்ள காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கின்றன. உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு: ஸ்டாண்டில் வைத்து, அசையாத சிக்னல் கம்பத்தைத் தொடர்ச்சியாக ஐந்து படம் எடுங்கள். ஐந்திலும் கம்பத்தின் விளிம்பு வெவ்வேறு மாதிரி நெளிந்திருந்தால் வெப்ப அலை. ஐந்திலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோகஸ் அல்லது லென்ஸ்.

இதற்கு ஷட்டரைக் கூட்டியும் பயனில்லை, அபர்ச்சரைக் குறைத்தும் பயனில்லை. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினால் நெளிவு இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவே. நமக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள சூடான காற்றைக் குறைப்பதுதான் வழி: 300 மீட்டர் தூரத்தில் எடுப்பதை 60 மீட்டருக்கு வரும்வரை பொறுத்து 85 மி.மீ.யில் எடுங்கள். மேம்பாலம் அல்லது மேட்டில் நின்றால் பார்வைக்கோடு தரையை விட்டு விலகும், நெளிவு குறையும். விடிந்ததும் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், மேகம் மூடிய நாளிலும் இந்தத் தொல்லையே இல்லை. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் செங்கோட்டைப் பக்கம் தொலைதூரப் படங்கள் பளிச்சென்று வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் யாரும் கவனிக்காதது: ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தபடியே எடுப்பது. உள்காற்றும் வெளிக்காற்றும் லென்ஸ் முனையிலேயே கலக்கும். காரை விட்டு இறங்கி எடுங்கள்.

பால்போல் வெளுப்பு

ஏசி பெட்டியிலோ காரிலோ வந்து ஆரியங்காவு ஈரக்காற்றில் பையைத் திறந்த உடனே வந்தால் நீர்த்திவலை. துடைத்தால் மறுபடி படியும். துடைக்காமல், இறங்கும் முன்பே கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் விட்டுவிடுங்கள். நீர் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. திவலை உள்ள நிலையில் ஜூமை முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். ஈரக்காற்றை உள் கண்ணாடிகளுக்குள் பம்ப் அடிப்பது போலாகும், பூஞ்சைக்கு அதுதான் தொடக்கம்.

எந்நேரமும் லேசாக வெளுத்தே இருந்தால் பூஞ்சையைத் தேடுங்கள். பின் மூடியைக் கழற்றி, அபர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில், ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறுமுனையில் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை, தனித்தனிப் புள்ளியாக இருந்தால் தூசி. தூசி படத்தைக் கெடுப்பதில்லை, விட்டுவிடலாம். பூஞ்சையை உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள், தள்ளிப்போட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

தென்மேற்குப் பருவமழையின் நான்கு மாதமும் புனலூர்ப் பக்க வீடுகளில் ஈரப்பதம் குறைவதே இல்லை. காற்றுப் புகாத டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி போதும். 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால், நீலம் ரோஜா நிறமானால், ஈரம் நிறைந்துவிட்டது. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் பாத்திரம் வேண்டாம். டப்பாவில் அரிசி போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதன் மாவுத்தூள் ஜூம் வளையத்துக்குள் போகும்.

வெளுப்பு எதிர்வெயிலில் மட்டும் வந்தால், அல்லது முகப்பு விளக்குக்கு நேர் எதிர் மூலையில் சின்ன ஒளிப்பொட்டு தெரிந்தால், முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டர்தான் குற்றவாளி. சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளியை ஃபில்டரின் தட்டைக் கண்ணாடி மறுபடி உள்ளே அனுப்புகிறது. கழற்றிவிட்டு ஹூட் (லென்ஸ் முனை மறைப்பு) மாட்டுங்கள்.

வண்டி கறுத்துப்போகிறது, அல்லது வெளுத்துப்போகிறது

கழுதுருட்டி அருகே, தேசிய நெடுஞ்சாலை 744-ஐ ஒட்டி நிற்கும் பதிமூன்று கண் பாலத்தில் இரண்டு பிழையும் அடுத்தடுத்து வரும். கருங்கல் தூண், கரும்பச்சை மலை, இரண்டும் இருட்டு. கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வானமும் விளக்கும் வெளுக்கும். எஞ்சின் வளைந்து விளக்கு நேராக அடித்ததும் அதே கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், பெட்டிகள் கறுக்கும். ஒரே தொடரில் ஒரு படம் வெளுப்பு, அடுத்தது கறுப்பு.

மேனுவலுக்குப் போய்விடுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600 என்று தொடங்கி, வண்டி வரும் முன் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். நீல நிறப் பெட்டிக்கு இதுவே சரி. திருநெல்வேலிப் பக்கம் போய் வெள்ளை வந்தே பாரத் எடுத்தால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) குறையுங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் கறுப்பை ஓரளவு தூக்கலாம், வெளுத்த வெள்ளை திரும்பி வராது.

மலை வெயிலுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, பகவதிபுரம் மலைக்குக் கிழக்கே இருப்பதால் காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், மாலையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். தென்மலைப் பள்ளத்தில் நேர் எதிர்: காலை வெயில் பள்ளத்துக்குள் இறங்கவே நேரமாகும்.

ஓடும் வண்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது

கம்பங்களும் மரங்களும் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் மின்னணு ஷட்டர் காரணம். அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முழுதும் படிக்க 1/30 வினாடி ஆகும் கேமராவில், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சைலன்ட் மோடை நிறுத்தி மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதும், எல்இடி பெயர்ப்பலகையில் எழுத்து பாதி காணாமல் போவதும் இதன் உறவினர்களே. 1/50 அல்லது 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

ஏசி பெட்டியின் கண்ணாடி வழியே எடுத்தால் உள் விளக்கு இரட்டையாகப் பிரதிபலிக்கும், ஏனென்றால் அங்கே இரண்டு அடுக்குக் கண்ணாடி. ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, கேமராவைச் சாய்க்காமல் நேராக வையுங்கள். போலரைசர் ஃபில்டர் மாட்டினால் வானவில் திட்டுகள் வரலாம், கழற்றிவிடுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் கம்பி இல்லாத அவசர ஜன்னல் கிடைத்தால் நல்லது, ஆனால் லென்ஸ் முனை சட்டத்தைத் தாண்டக் கூடாது. குகைச் சுவர் மிக அருகில் ஓடும். படிக்கட்டில் தொங்குவது 156-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது.

எஞ்சின் முகத்தில் கம்பம்

மின்மயமான பிறகு வந்த தலைவலி. ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் வரிசையாக நிற்கும், எதிர்ப்பக்கம் நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். நேர்ப்பாதையில் கம்ப இடைவெளி அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் அது வெகுவாகக் குறையும். ஆகவே வளைவில் அகல லென்ஸோடு கிட்டே நின்று, இரண்டு கம்பத்துக்கு நடுவே எஞ்சினை வைப்பதே நடைமுறை வழி. மேலே ஓடுவது 25,000 வோல்ட். மேம்பாலத்திலிருந்து மோனோபாட், செல்ஃபி குச்சி எதையும் கம்பிப் பக்கம் நீட்டாதீர்கள், தொடாமலே மின்சாரம் பாயும்.

படம் சாய்ந்ததுபோல் தோன்றினால் தண்டவாளத்தை வைத்து நேராக்க வேண்டாம். ஏற்றத்தில் தண்டவாளமே சாய்வு, வளைவில் வண்டியும் உள்பக்கம் சாயும். செங்குத்தாக நிற்பது கம்பமும் பாலத்தூணும்தான். படத்தின் நடுவில் உள்ள கம்பத்தை வைத்து நேராக்குங்கள்.

பேனிங்கில் ஒரு பெட்டி மட்டும் தெளிவு

1/40-இல் வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும்போது, நேர் எதிரே உள்ள பகுதியும் ஓரத்தில் உள்ள பகுதியும் ஒரே கோண வேகத்தில் நகர்வதில்லை. அகல லென்ஸோடு கிட்டே நின்றால் வித்தியாசம் பெரிது. பின்னால் போய் 100 மி.மீ.க்கு மேல் எடுங்கள். ஆட்டத் தடுப்பை மோட் 2-இல் (பேனிங்குக்கான நிலை) வையுங்கள், அந்த மோட் இல்லாத பழைய லென்ஸில் அணைத்துவிடுங்கள்.

வண்டி கிட்டே வரும்போது கேமரா நின்றுவிடுகிறது

பஃபர், அதாவது கார்டில் எழுதும் முன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம், நிரம்பிவிட்டது. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பதை நிறுத்தி ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். பஃபரைக் காலி செய்வது எழுதும் வேகம், அதைப் பார்த்து வாங்குங்கள். வண்டி தூரத்தில் இருக்கும்போதே விரலை அழுத்திப் பிடிக்காமல், மூன்று நான்காகப் பிரித்து எடுங்கள். கடைசி நீண்ட தொடரை, எஞ்சின் நீங்கள் குறித்த ஸ்லீப்பர் கட்டைக்கு வரும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.